வெயிலா, பனியா, ஒரே கட்டிலா?

கேள்வி: நானும் என் இணையரும் ஆண்கள். ஆறு வருடமாக ஒரு பெருநகரத்தில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். கோடையில் குறையே இல்லை. பிரைடு ஊர்வலம், பூங்கா, நண்பர்கள் என்று நாள் ஓடிவிடும். நவம்பர் பிறந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது; கே பார்களை விட்டால் போக்கிடம் தெரியவில்லை. இருவருக்கும் குடிப்பழக்கம் இல்லை, பத்தரைக்கு மேல் கண் சொருகிவிடும். ஜனவரியில் ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும். அவருக்கு வெயில் வேண்டும், எனக்குப் பனி. ஹோட்டல் வரவேற்பு மேசையில் “கட்டில் ஒன்றா, இரண்டா?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. என்ன செய்யலாம்? – ஆர்.வி.

பதில்: பயணத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஏழு நாள் எங்கே போய் வந்தாலும் மிச்சக் குளிர்காலம் முழுக்க அதே வீட்டில்தான் கழியப்போகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்களுக்குப் பொழுதுபோக்குக்குப் பஞ்சம் இருப்பதாகத் தெரியவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காமல் உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் குறைகிறது. கோடையில் அது தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் நாம்தான் நாள் குறித்து உண்டாக்க வேண்டும்.

எங்கள் முதல் பரிந்துரை சேர்ந்திசைக் குழு. சிரிக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1978-இல் தொடங்கிய கே ஆண்கள் பாடகர் குழு இன்றும் பாடுகிறது. லண்டனில் உள்ளது 1991-இல் தொடங்கியது. பெரிய நகரங்கள் பலவற்றில் இப்படி ஒரு குழுவாவது இருக்கும். பல குழுக்கள் டிசம்பர் கச்சேரி முடிந்த கையோடு ஜனவரியில் புதியவர்களைச் சேர்க்கும். குரல் தேர்வு வைக்கும் குழு, வைக்காத குழு என்று இரண்டு வகை உண்டு. பாடியே பழக்கமில்லை என்றால் இரண்டாவது வகைக்குப் போங்கள். ஆண் குரல்களை உச்சக் குரலிலிருந்து அடிக்குரல் வரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பாஸ் என்று நான்காகப் பிரிப்பார்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் “நான் பாஸ்” என்று போய் நிற்பார்கள்; அடி ஸ்வரத்தில் காற்று மட்டும் வரும், பிறகு பாரிடோனுக்கு அனுப்பப்படுவார்கள். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதா? பாதகமில்லை. ஒவ்வொரு குரல் பிரிவுக்கும் தனி ஒலிப்பதிவு தரும் குழுக்கள் நிறைய. அதைத் தினமும் இருபது நிமிடம் கேட்டால் ஆறாவது வாரத்தில் பக்கத்து ஆளைப் பார்க்காமலே பாடுவீர்கள். வாராவாரம் இரண்டு மணி நேரம், அதே நாற்பது ஐம்பது முகங்கள், நடுவில் பதினைந்து நிமிட இடைவேளை. நட்பு பிறப்பது அந்த இடைவேளையில்தான். மூன்று வாரம் போய்விட்டு ‘யாருமே பேசவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒத்திகைக்குச் சரியான நேரத்துக்கு வந்து, முடிந்ததும் ஓடிவிட்டால் யார் பேசுவார்கள்? கால் மணி முன்னால் போய் நாற்காலி போட உதவுங்கள். பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

பாட்டே வேண்டாம் என்றால் நீச்சல், பேட்மின்டன், பவுலிங் என்று கே விளையாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. அதே விதிதான்: ஒரே நாள், ஒரே நேரம், விடாமல்.

வீட்டிலும் ஒரு மாலை வையுங்கள். மாதம் இருமுறை போதும். இதில் கவிழ்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வாட்ஸ்அப்பில் ‘யாருக்கு எந்த நாள் வசதி’ என்று வாக்கெடுப்பு நடத்துவது. எட்டுப் பேருக்கும் வசதியான நாள் என்று ஒன்று கிடையாது. முதல், மூன்றாம் வியாழன், ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடியும், மூன்று பேர் வந்தாலும் நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். முடியும் நேரத்தைச் சொல்வது முக்கியம். தூங்கி வழியும் நீங்கள் விருந்தினரைக் கிளப்பச் சங்கடப்பட வேண்டாம். படம் போடுவதாக இருந்தால் முழுநீளப் படத்தைத் தவிருங்கள். இரண்டு மணி நேரம் எல்லாரும் சுவரைப் பார்த்துவிட்டு, பேச்சு சூடு பிடிக்கும்போது கடைசி ரயிலுக்கு ஓடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடக் குறும்படங்கள் நான்கு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் விளக்கைப் போட்டுவிடுங்கள். எதைப் போடுவது என்று தெரியாவிட்டால், பெர்லின் திரைப்பட விழாவின் டெடி விருதுப் பட்டியலைப் பாருங்கள். பால்புதுமையர் படங்களுக்கு 1987 முதல் தருகிறார்கள், குறும்படத்துக்கும் தனி விருது உண்டு. பலகை விளையாட்டு என்றால் ஒரு மேசைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆறாவது ஆள் தன் முறை வருவதற்குள் கைபேசியை எடுத்துவிடுவார்.

வார இறுதிப் பகலுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் சறுக்குத் தளம். இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் திரும்பிப் பார்க்கும் ஊரில்கூடச் சறுக்குத் தளத்தில் பார்ப்பதில்லை. அங்கே விழாமல் இருக்க ஆளாளுக்கு யாரையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷூ கயிற்றை விரல் பக்கம் தளர்வாகவும், கணுக்கால் வளைவில் இறுக்கமாகவும், மேலே மீண்டும் சற்றுத் தளர்வாகவும் கட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகக் கட்டினால் அரைமணியில் பாதம் மரத்துப்போகும். தளர்வாக விட்டால் கணுக்கால் உள்ளே மடியும். முழங்காலை வளைத்தே வைத்திருங்கள். விழப்போவது தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்பு படும்படி விழுங்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து.

இருட்டு மனத்தை அழுத்துகிறது என்றால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) ஒளிப்பெட்டி ஒன்று வாங்குங்கள். காலை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிடம், முகத்துக்கு நேரே. எத்தனை தூரத்தில் அந்த 10,000 கிடைக்கும் என்பது பெட்டியில் எழுதியிருக்கும். அதைவிடத் தள்ளி வைத்தால் வெறும் விளக்குதான். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். கண் நோயோ, இருமுனை மனநிலைக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இனி பயணம். எங்கள் ஓட்டு பனிக்கு. உங்களுக்குப் பரிந்து பேசுவதாக உங்கள் இணையர் நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

குளிர்கால வெயிலுக்கு ஐரோப்பிய கே பயணிகள் கூடும் இடம் ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவின் தென்கோடி, மாஸ்பலோமாஸ். ஜனவரியில் பகலில் 20, 21 டிகிரி. இரவில் 15 வரை இறங்கும், ஜாக்கெட் இல்லாமல் வெளியே உட்கார முடியாது. வடகிழக்குக் காற்று மேகத்தை வடகரை மலைகளில் கொண்டுபோய் முட்ட வைப்பதால் வடக்கு மந்தமாகவும் தெற்கு வெயிலாகவும் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வடக்கே அறை எடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். கே கடற்கரை மணல்மேடுகளுக்கு முன்னால், ஏழாம் எண் கடைப் பக்கம். நீரோரமாக நடந்துபோய்விடலாம். மணல்மேடுகள் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. குறித்த பாதையை விட்டு விலகினால் அபராதம். எல்லாம் சரி, உங்களுக்கு அங்கே இடிக்கப்போவது இரவு. அந்த ஊர்க் கூட்டம் கூடுவது யும்போ என்ற வணிக வளாகத்தில். எட்டு மணிக்குப் போனால் கடைகளைத்தான் பார்ப்பீர்கள்; பதினொன்றுக்கு மேல்தான் களைகட்டும். அப்போது நீங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அதுவும் பார்தான்!

பனி ஊர்களில் நிலைமை நேர் எதிர். சுவிட்சர்லாந்தின் அரோசாவில் ஜனவரியில் கே ஸ்கீ (பனிமலைச் சறுக்கு) வாரம் நடக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்பனில் 1977 முதல், அதுவும் ஜனவரியில்தான். பகலெல்லாம் மலையில் இருந்துவிட்டு, பத்து மணிக்கு எல்லாருக்கும் கண் சொருகும். உங்கள் கடிகாரத்துக்கு ஏற்ற கூட்டம். நாற்காலி லிஃப்டில் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே பலகையில் பத்து நிமிடம் தொங்கிக்கொண்டு போவார்கள். பேசாமல் இருக்க முடியாது. ஸ்கீ தெரியாவிட்டால் அரோசாவைப் பாருங்கள். நடைபாதைகளும் சறுக்குவண்டித் தடங்களும் இருக்கின்றன. கூர் நகரிலிருந்து ஒரு மணி நேர மலை ரயிலில் போய் இறங்கலாம். வெயில் கேட்டவருக்கு வெயிலும் உண்டு. ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழும் மூக்குத் துவாரத்தின் அடியிலும் தடவ மறக்கிறவர்கள் இரண்டாம் நாளே செந்தாமரையாகிவிடுவார்கள். ஆஸ்பன் இன்னும் உயரம், 2,400 மீட்டர். முதல் இரவு தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாளை ஸ்கீ இல்லாமல் விடுங்கள்.

ஸ்கீ கற்பதாக இருந்தால் மூன்று நாள் காலைக் குழு வகுப்பு எடுங்கள். இணையரே சொல்லித் தருகிறேன் என்பது மலையடிவாரச் சண்டைகளின் முதல் காரணம். வாடகை பூட்ஸை வகுப்புக்கு முந்தைய மாலையே எடுத்துவிடுங்கள். காலையில் வரிசையில் நின்றால் அவசரத்தில் பொருந்தாததை மாட்டிவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. குளிருமே என்று இரண்டு காலுறை போடாதீர்கள். மடிப்பு விழுந்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், கால் இன்னும் சில்லிடும். மெல்லிய, நீளமான காலுறை ஒன்று போதும். பயணக் காப்பீட்டில் ஸ்கீ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் காப்பீடு பலவற்றில் சேராது.

விமானத்திலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் போகும் இடங்களை ஒரு வார விடுப்பில் யோசிக்காதீர்கள். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான பகுதிகளில் மழையும் குறைவு. சிட்னியில் பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை மார்டி கிரா என்ற பால்புதுமையர் விழா. இரண்டுமே இரண்டு வார விடுப்புக்குரியவை.

வெயில் என்றதும் கண்ணில் படும் மலிவு விளம்பரங்களில் மாலத்தீவு, துபாய், மொராக்கோ இருக்கும். மூன்றிலும் தன்பாலுறவு சட்டப்படி குற்றம். விடுதிக்குள் யாரும் கேட்கவில்லை என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். கேட்க வேண்டிய நாள் வந்தால் விடுதி குறுக்கே நிற்காது. அந்த வழியாக விமானம் மாறுவதாக இருந்தாலும் டேட்டிங் செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டுப் போங்கள்.

மருந்து விஷயம். உங்களுக்குள் என்ன ஏற்பாடு என்பது உங்கள் பாடு. பிரெப் (எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர் என்றால் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். தொலையும் பெட்டி எது என்று முன்கூட்டித் தெரியாது. பயணத்துக்கு மட்டும் எடுப்பவர் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அந்த முதல் வேளையிலிருந்து 24 மணியில் ஒன்று, 48 மணியில் ஒன்று என்று எடுப்பார். இது எச்ஐவி பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவர் சொல்லித் தொடங்க வேண்டியது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு இந்த முறை ஆகாது. எம்பாக்ஸ் (குரங்கம்மை) தடுப்பூசி இரண்டு தவணை, இடையில் 28 நாள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் விட வேண்டும் என்பதால் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பாவது முதல் ஊசி.

கட்டிலுக்கு வருவோம். முன்பதிவுத் தளத்தில் ‘டபுள்’ (பெரிய கட்டில் ஒன்று) என்று தேர்ந்தெடுத்ததோடு விடாதீர்கள். பெயர் இரண்டும் ஆண் பெயர் என்றால் ‘தவறாகப் பதிந்திருப்பார்கள்’ என்று ஊழியரே திருத்தி இரண்டு தனிக் கட்டில் உள்ள அறையைத் தந்துவிடுவது உண்டு. கெட்ட எண்ணம் இருப்பதில்லை, அதிகப்பிரசங்கித்தனம்தான். பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல்: “நாங்கள் இணையர், இருவரும் ஆண்கள். பெரிய கட்டில் ஒன்று உள்ள அறை வேண்டும். உறுதி செய்யவும்.” ஒரு நாளில் நேரான பதில் வந்தால் பணம் கட்டுங்கள். மழுப்பினால் அடுத்த ஹோட்டல். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஒரே கட்டில் சட்டத்தில் இரண்டு தனி மெத்தை, இரண்டு தனிப் போர்வை இருப்பது சாதாரணம், ஆண்-பெண் தம்பதிக்கும் அதேதான். அதைப் பார்த்து மனம் புண்பட வேண்டாம். முழு மெத்தைதான் வேண்டும் என்றால் அதையும் மின்னஞ்சலில் சேர்த்து எழுதுங்கள். வந்த பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்து, வரவேற்பு மேசையில் அவர்கள் வாயைத் திறக்கும் முன் இரண்டையும் சேர்த்தே நீட்டிவிடுங்கள்.