வலி நின்ற பிறகும் ரூட் கேனாலை முடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வயது 41. வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஒன்றரை மாதத்துக்கு முன் ரூட் கேனாலுக்கு முதல் சிட்டிங் போனேன். அன்றோடு வலி நின்றுவிட்டது. இன்னும் இரண்டு சிட்டிங், அப்புறம் பல்லின் மேல் உறை மாதிரி ஒரு கேப் என்கிறார்கள். வலியே இல்லாதபோது எதற்குச் செலவு? பல் நரம்பில் கை வைத்தால் கண் போய்விடும், பிடுங்கிவிடு என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கண்ணைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. ரூட் கேனால் செய்தாலும் பிடுங்கினாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

வலி நின்றதற்குக் காரணம், வீங்கிக் கிடந்த நரம்பை டாக்டர் எடுத்துவிட்டார் என்பதுதான். வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு மெல்லிய குழாய்கள் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் நுனிவரை அடைக்க வேண்டும். இப்போது மேலே இருப்பது தற்காலிக சிமெண்ட். அது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். ஓரத்தில் எச்சில் கசிந்தால் கிருமி திரும்பவும் உள்ளே குடியேறும். உள்ளே நரம்பு இல்லாததால் பல நேரம் வலித்துச் சொல்லாது. வேர் நுனியில் சீழ் கட்டி, ஒருநாள் காலையில் கன்னம் வீங்கித்தான் பலருக்குத் தெரியவரும்.

அப்போது மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். ‘பல்வலி’ என்றதும் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை நீட்டுவார்கள். பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது மாத்திரை எந்த வழியாக உள்ளே போகும்?

பிடுங்குவது அன்றைக்கு மலிவுதான். போகப்போக பக்கத்துப் பல் சாயும், மேல்பல் இறங்கும். அந்த இடத்தில் செயற்கைப் பல் கட்டப் போனால் ரூட் கேனால் செலவே தேவலை என்று தோன்றும்.

கேப் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் டாக்டர் பல்லைப் பார்ப்பார். பணம் பேச ‘கோஆர்டினேட்டர்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேர் வேலை முடியும் முன்பே ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப், பத்து வருட வாரண்டி, இன்றே கட்டினால் தள்ளுபடி என்று ஆரம்பிப்பார். அந்த வாரண்டி கேப்புக்கு, உங்கள் வேருக்கு அல்ல. கீழே அடைப்பு சரியில்லை என்றால் மேலே தங்கமே போட்டாலும் வீண். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். கடைசி சிட்டிங் முடிந்ததும் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே அடைத்த பொருள் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும்; ஒவ்வொரு வேரிலும் அந்தக் கோடு கிட்டத்தட்ட நுனிவரை போயிருக்க வேண்டும். பாதியில் நின்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டுமா? கடைவாய்ப் பல்லுக்குப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே குடைந்த பல், முறுக்கைக் கடித்தால் வேர்வரை பிளந்துவிடும். பிளந்த பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. முன்பல் மட்டும் விலக்கு. பின்பக்கம் சின்ன ஓட்டை போட்டுச் சிகிச்சை செய்து, மற்றபடி பல் முழுசாக இருந்தால் நல்ல ஃபில்லிங்கே போதும். அதே முன்பல் விழுந்து பாதி உடைந்ததாக இருந்தாலோ, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவராக இருந்தாலோ கேப் தேவைப்படலாம். நிறம் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் கேட்கிறீர்களா? உள்ளிருந்தே வெளுக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

செலவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான பாலிசிகள் விபத்தில் உடைந்தால் தவிர பல்லைக் கண்டுகொள்வதில்லை. பல் என்ன உடம்பில் இல்லையா? அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் செய்கிறார்கள். ஆனால் ஒரு பல்லுக்கு நாலைந்து நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கூலி வேலைக்குப் போகிறவரால் முடியுமா? அதனால்தான் பாதியில் விட்ட பல்லாக வருகிறது என்னிடம்.

நீங்கள் இந்த வாரமே போங்கள். சிமெண்ட் விழுந்திருந்தால் நாளைக்கே. அதுவரை இடது பக்கம் மென்று சாப்பிடுங்கள். கன்னம் வீங்கி, காய்ச்சலோ விழுங்கச் சிரமமோ வந்தால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.