பெங்களூரில் எங்கள் போர்வெல் வற்றிவிட்டது. போர் பக்கத்தில் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். 30-க்கு 40 மனை வீட்டில் மழைநீர் சேமிப்பு வைத்தால் டேங்கர் செலவு குறையுமா?

குறையும். ஆனால் உங்கள் கான்ட்ராக்டர் சொல்வதுபோல் போர் பக்கத்தில் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் குறையாது. மழைத்தண்ணீர் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மிஞ்சுவதுதான் மண்ணுக்கு.

கீழே சம்ப், மேலே சின்டெக்ஸ், மொட்டை மாடி சுமார் 1,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு மி.மீ. மழை பெய்தால் அந்த மாடியில் 93 லிட்டர் விழும். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மி.மீ. பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கை வீணாகத் தள்ளினாலும் 70,000 லிட்டருக்கு மேல் நிற்கும். 6,000 லிட்டர் டேங்கர் கணக்கில் பன்னிரண்டு லோடு. "இவ்வளவுதானா?" என்பவர்களுக்கு: வருஷம் முழுக்க இதிலேயே ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதத்திலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் டேங்கருக்குப் போன் போடுவது வெகுவாகக் குறையும்.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் நிரம்பிய சம்ப்தான். 50 மி.மீ. மழை ஒன்று அடித்தால் உங்கள் மாடியிலிருந்து 4,000 லிட்டருக்கு மேல் இறங்கும். மதியம் டேங்கர் விட்டு சம்பை விளிம்புவரை நிரப்பியிருந்தால், மாலை மழை அத்தனையும் தெருச் சாக்கடைக்குத்தான். இந்த ஊரில் கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஆகவே மழை மாதங்களில் டேங்கரை இரவு மழை ஓய்ந்த பிறகோ காலையிலோ வரவழையுங்கள். சம்பில் பாதியாவது காலியாக இருக்கட்டும். காவேரி லைன் (குழாய்த் தண்ணீர் இணைப்பு) இருந்தால், நீர் ஏறியதும் தானே அடைக்கும் அதன் ஃப்ளோட் வால்வைப் பாதி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் சம்பின் நடுவே ஒரு சுவர் எழுப்பி, மழைக்கு ஒன்று, டேங்கருக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது முதல் மழை. மாடியில் கிடக்கும் தூசி, புறா எச்சம் எல்லாம் முதல் ஒன்றிரண்டு மி.மீ.யில் கழுவி வரும். அதை ஒதுக்க, பிளம்பர்கள் மூன்றடி நீளத்துக்கு ஒரு நாலு இஞ்ச் பைப்பைத் தொங்கவிட்டு மூடி போட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் பிடிப்பது எட்டு லிட்டர்கூட இல்லை. உங்கள் மாடிக்குக் குறைந்தது 100 லிட்டர் ஒதுக்க வேண்டும். அதற்கு ஒரு டிரம் வையுங்கள். டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்தி, சொட்டுச் சொட்டாக ஒழுகும் அளவுக்குத் திறந்து வைத்தால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். மூடிவைத்துக் கையால் திறந்துவிடுகிற ஏற்பாடு இரண்டு மழைக்குமேல் தாங்காது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஃபில்டருக்கு மணலும் ஜல்லியும் போட்ட டிரம் வேண்டாம். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் அடிக்கும்போது நிமிடத்துக்கு 75 லிட்டர் வரும். மணல் அதை விழுங்காது, மேலே வழிந்துவிடும். சுவரில் மாட்டும் ஸ்டீல் வலை ஃபில்டர் போதும். மே மாதத்துக்கு முன் ஒருமுறையும், பிறகு பெரிய மழை ஒவ்வொன்றுக்குப் பின்னும் வலையைக் கழற்றி பிரஷ் போட்டுக் கழுவுங்கள். மாடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டு வாட்டத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

இனி அந்தக் குழி. சம்ப் வழிந்து வரும் நீருக்கு மூன்றடி அகலம், இருபதடி ஆழத்தில் ஓர் உறைக்கிணறு இறக்குங்கள். அதில் சுமார் 4,000 லிட்டர் நிற்கும். அதே குழியில் ஜல்லி நிரப்பினால் 1,600 லிட்டர்தான் பிடிக்கும். வண்டல் அடைத்தாலும் வெளியே தெரியாது. ஆகவே உள்ளே ஒன்றும் நிரப்பாதீர்கள். அடியில் காங்கிரீட் போடாதீர்கள், உறைகளுக்கு நடுவே சிமெண்ட் பூசாதீர்கள், மேலே மூடி கட்டாயம். கழிவுநீர் சேம்பரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். தலைமுறைகளாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். மண் பார்த்து ஆழம் சொல்வார்கள். போர் கேசிங்கில் (போருக்குள் இறக்கியிருக்கும் குழாயில்) துளையிட்டு நீரை இறக்குவதையும் முறையாகச் செய்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வடிகட்டாத நீர் உள்ளே போனால் ஆழத்து ஊற்றே கெடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கிணறு முதலில் ஊறவைப்பது மேலடுக்கை. அடியில் கருங்கல் பாறை. ஆயிரம் அடி போரில் அடுத்த மாதமே தண்ணீர் ஏறும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெங்களூரில் ஒரு தமிழன் தண்ணீரைப் பற்றி வாய் திறந்தால் போதும், பேச்சு காவேரி வழக்குக்குப் போய்விடுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு, எத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), யார் பக்கம் என்று இரண்டு தரப்பும் கொதிக்கிறது. 741 சதுர கிலோமீட்டர் நகரத்தின்மீது ஆண்டுதோறும் ஏறக்குறைய 25 டி.எம்.சி. மழை கொட்டுகிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, 100 கி.மீ. தூரத்திலிருந்து 500 மீட்டர் உயரம் தண்ணீரை ஏற்றுகிறோம். 30-க்கு 40 மனையில் கட்டும் புது வீடுகளுக்கு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. கண்துடைப்புக்கு ஒரு பைப்பை நிறுத்திவிட்டு அனுமதி வாங்கிய வீடுகளில் கன்னடர் வீடும் உண்டு, நம்மவர் வீடும் உண்டு.

சம்ப் நீரைக் குளிக்க, துணி துவைக்க அப்படியே எடுக்கலாம். குடிப்பதானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். தனியே ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விடுங்கள். பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் "எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்பார்கள். குழாய் முனையில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீர் ஓட்டத்தைக் குறைக்கும் சின்ன மூடி) மாட்டுங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆர்.ஓ. மெஷின் தள்ளும் கழிவு நீரை ஒரு குடத்தில் பிடித்துத் தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு அதிகம், செடிக்கு மட்டும் வேண்டாம்.