வாடிவீட்டில் மூன்று நாள்

கேள்வி: ஐயா, என் அம்மம்மாவின் தாத்தா 1880களில் மட்டக்களப்பில் ஒரு ‘ஹோட்டலில்’ சமையல்காரராக இருந்தாராம். விருந்தாளி யாராவது நீண்ட நாள் தங்கிவிட்டால் அம்மம்மா இன்றும், “மூன்று நாள் முடிந்தது, அறையை விடச் சொல்லு” என்று சிரிப்பார். இது என்ன கதை?
– வாசகி, கல்லடி

பதில்: மகள், அம்மம்மாவின் சிரிப்பிலேயே பதில் இருக்கிறது. தாத்தா வேலை பார்த்தது அநேகமாக வாடிவீடு, அதாவது பயணத்தில் வருகிறவர்கள் இரவு தங்கிப் போகும் அரசாங்க விடுதி. மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது அந்தக் காலத்து வாடிவீட்டு விதி. அடுத்து வருகிறவருக்கு இடம் வேண்டுமல்லவா? ஹோட்டல்காரர் எவராவது காசு கொடுக்கிறவரை மூன்றாம் நாள் எழுப்பி அனுப்புவாரா?

ஒல்லாந்தர் தொடங்கிய வாடிவீடுகளை ஆங்கிலேயர் தெருவுக்குத் தெரு கட்டிப் பெருக்கினார்கள். மாகாண வீதிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சாப்பாட்டு விலை சுவரில் தொங்கும். மீன்வாடி, மரவாடி என்கிறோமே, வாடிவீட்டில் இருப்பதும் அதே வாடிதான். கடமையில் வரும் உத்தியோகத்தருக்குத்தான் முதலிடம். நெல் ஏற்றி வந்தவன் வண்டிக்குக் கீழே படுப்பான், கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கு மடம் இருந்தது.

அந்த முதலிடத்தை நானே பட்டு அறிந்தேன். 1961இல் நெல் வியாபாரியான அப்பாவுடன் பதுளைப் பக்கம் போகும்போது வழியில் ஒரு வாடிவீட்டில் இறங்கினோம். ஊர் பெயர் வேண்டாம். இறங்கிய கையோடு பின்வளவில் கோழி கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அதுதான் இரவுச் சாப்பாடு என்று அப்பா சொன்னார். குசினியிலிருந்து கறி வர ஒன்றரை மணி நேரம். சாப்பிட்டுப் படுத்தோம். ஒன்பது மணிக்கு ஜீப் ஒன்று வந்தது. காவலாளி கதவைத் தட்டி, “ஐயா, குறை நினைக்கக் கூடாது” என்றான். இரவு முழுக்க விறாந்தையில், கை நீண்ட சாய்மனைக் கதிரையில் நான் அப்பாவின் மடியில் தலை வைத்துத் தூங்கினேன். அந்தப் பிரம்புப் பின்னல் என் கன்னத்தில் பதிந்திருந்ததைக் காலையில் அப்பா காட்டிச் சிரித்தார். அறைக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை.

சரி, கொழும்பில் 1864இலேயே காலிமுக ஹோட்டல் வந்துவிட்டதே, இங்கே மட்டக்களப்பில் ஏன் அப்படி ஒன்று எழவில்லை என்று கேட்பீர்கள். ஹோட்டலுக்குக் கப்பல் வேண்டும். 1869இல் சுயெஸ் கால்வாய் திறப்பதற்கு முன்பிருந்தே கப்பல்கள் காலிக்கு வந்தன. கொழும்பில் அலைதடுப்பு அணை 1885இல் முடிந்ததும் அங்கே போய்விட்டன. நம் முகத்துவாரத்திலோ மணல்திட்டு. பெரிய கப்பல் வெளியே நிற்க, ஆள்கள் வள்ளத்தில் வர வேண்டும். கல்லடிப் பாலம் 1924இல்தான், ரயில் 1928இல்தான். அதுவரை இங்கே வந்த அந்நியர் பெரும்பாலும் உத்தியோகத்தரும் பாதிரிமாருமே. அவர்களுக்கு வாடிவீடே போதும்.

இப்போது ‘ஹோட்டல்’ என்ற பலகையின் கீழே கொத்துரொட்டி அடிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பசித்தவனை எந்த உத்தியோகத்தருக்காகவும் எழுப்பிவிட மாட்டார்கள்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதை அக்காலத்து வெள்ளைக்காரர் யாராவது கேட்டிருக்கிறார்களா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: கேட்டு எழுதியும் வைத்தார்கள். இலங்கையின் ஆங்கிலேய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் இங்கு வந்து, நிலவிரவில் வாவியில் வள்ளமேறிப் போனார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலி போல இருந்ததாம். வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் உரக்கக் கேட்டது. 1859இல் வந்த அவருடைய நூலில் ஒரு சுவை இருக்கிறது: நம் மீனவர்கள் அவரிடம் மீன் என்று சொல்லவில்லை, ஊரி குளிறுகிறது என்றார்கள். ஊரி, நீர்நத்தை இனம்; குளிறுவது என்றால் ஒலி எழுப்புவது. மீனைப் பாட வைத்தது யாரோ, நம் வள்ளக்காரர் அல்ல. நிலவு நாளில் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வையுங்கள், தம்பி. மோட்டார் வள்ளம் மட்டும் வேண்டாம்.