டைரி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை!

கேள்வி: பல வருடமாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். தினமும் நடத்திய பாடத்தை யோசித்துப் பார்த்து டைரி எழுதும்படி தலைமை ஆசிரியர் சொல்கிறார். 'வகுப்பு நன்றாகப் போனது, சிலர் கவனிக்கவில்லை' என்பதற்கு மேல் ஓடவில்லை. இல்லையென்றால் என்னையே திட்டி எழுதுகிறேன். இதில் என்ன பயன்?
— ஓர் ஆசிரியை

பதில்: நாள் முழுவதையும் ஒரே மூச்சில் யோசிக்கப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். ஐந்தாறு பீரியட் எடுத்துவிட்டு வந்தவருக்கு மாலையில் மிஞ்சுவது களைப்பும், யாரோ ஒரு பையன் பண்ணிய சேட்டையும்தான். அதை வைத்து எழுதினால் பாராட்டு வரும், இல்லை திட்டு வரும். திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி எடுங்கள். 'கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறேன்?' என்பதில் ஆரம்பிக்கலாம். பள்ளியில் அனுமதி இருந்தால் மொபைலை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்து, தனியாகப் போட்டுக் கேளுங்கள். (சொந்தக் குரலைக் கேட்கச் சகிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான்.) "முக்காலில் பாதி எவ்வளவு?" என்று கேட்டிருப்பீர்கள். ஒரு பிள்ளை வாயைத் திறப்பதற்குள் "பெருக்கணும், இல்லையா?" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அப்புறம் "புரிஞ்சுதா?" உடனே "புரிஞ்சுது டீச்சர்!" என்று கோரஸ்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே வகுப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாகவே பேசும் பிள்ளைகள் கூடினார்கள். நீங்களும் மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். அன்று யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இப்போது அந்த 'சிலர் கவனிக்கவில்லை'க்கு வருவோம். எனக்கு அதில்தான் சந்தேகம். பாடம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். சரியான விடை, தப்பான விடை, வெற்றுச் சீட்டு என்று பிரியுங்கள். தப்புக் கட்டில் 2/5 எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கவனிக்காமல் செய்த தப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கும். பத்துப் பேர் ஒரே மாதிரி 2/5 எழுதியிருந்தால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது, அது தப்பான விதி. பெருக்கலுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே கூட்டலுக்கும் போட்டிருக்கலாம். அரையைவிட 2/5 சின்னது, கூட்டினால் எப்படிக் குறையும் என்று மறுநாள் அவர்களிடமே கேளுங்கள். டைரியில் எழுத வேண்டியது அங்கே நடக்கிற பேச்சைத்தான்.

கொஞ்ச நாள் இப்படிப் பார்த்துப் பழகினால், பாடம் நடத்தும்போதே 'இங்கே இடறுகிறார்கள்' என்று பிடிபட ஆரம்பிக்கும். அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் பிரித்துச் சொன்னது இதைத்தான்: செய்த பிறகு யோசிப்பது ஒன்று, செய்துகொண்டே யோசிப்பது இன்னொன்று.

தலைமை ஆசிரியர் தினமும் ஒரு பக்கம் எதிர்பார்க்கிறார் என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் போதுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். போகும்போது அந்தச் சீட்டுக் கட்டையும் எடுத்துப் போங்கள்.