ஒரு விரல் பட்டால் வலிக்கும் இடம்

கேள்வி: அரை மாரத்தானுக்காக நான்கு மாதமாக ஓடுகிறேன். முழங்கால் சொடுக்குகிறது. நீண்ட தூரம் ஓடினால் மறுநாள் தொடை கடுக்கிறது. மூன்று வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. இப்போது படுத்திருந்தாலும் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். எலும்புப் புற்றுநோயாக இருக்குமோ? போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. (வாசகி, வயது 27)

பதில்: ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேனோ என்பதுதான் உங்கள் பயம். சொல்லத்தான் போகிறேன்.

வலியும் வீக்கமும் இல்லாத சொடுக்கு வெறும் சத்தம். தொடைக் கடுப்பு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இணையத்தில் தேடினால் எந்த வலியும் கடைசியில் புற்றுநோயில்தான் போய் நிற்கும். உங்களுக்கு அதைவிடச் சாதாரணமான காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதில் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, படுத்திருந்தாலும் வலிக்கிறது என்ற வரி. ஒரு விரலால் அந்த எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். அரைச் சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் எரிச்சல்தான். ஒரே இடத்தில், நாணயம் அளவில், தொட்டதும் காலை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால் மயிரிழை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் குதித்தெல்லாம் சோதிக்க வேண்டாம்.

பளு கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழையதை முதலில் அரித்தெடுக்கும், அப்புறம்தான் புதியதை நிரப்பும். அரிப்பது சில வார வேலை, நிரப்ப மாதங்களாகும். நடுவில் தினமும் மோதினால் விரிசல்தான். நெடுந்தூரம் நடந்த பிரஷ்யச் சிப்பாய்களின் பாத வலியைப் பற்றி ஒரு ராணுவ மருத்துவர் 1855-லேயே எழுதியிருக்கிறார். அன்று எக்ஸ்ரே கிடையாது. இன்று இருந்தும், முதல் சில வாரங்களில் இந்த விரிசல் அதில் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று மறுநாளே ஓடக் கிளம்புபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

அந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது? எத்தனையாவது கிலோமீட்டரில் வலி தொடங்குகிறது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. மாத்திரை போட்டு ஓடினால் அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

விரிசல் என்றால் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓடக்கூடாது. எலும்பின் முன்விளிம்பில் இருந்தால் இன்னும் நீளும். இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். வலிக்காமல் நீந்த முடிந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நீந்தலாம். நான்கு மாத உழைப்பு அப்படியே கரைந்துவிடாது. பிடிவாதமாக ஓடி எலும்பு முழுசாக முறிந்தால், உள்ளே கம்பி வைக்கும்படி ஆகலாம்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடும் பெண்களுக்கு அது தள்ளிப்போவதும் எலும்பு பலவீனமாவதும் சேர்ந்தே நடக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.