கூலரா, ஏசியா, வெறும் ஃபேனா? வெயில் காலக் கேள்விகள்

வெயில் ஏற ஏற இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் ஏறுகின்றன. இந்த முறை குளிர்ச்சிக்காக வாங்கும் சாமான்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மேல்தளத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். ஏசிக்கு வசதியில்லாததால் ஏர் கூலர் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் சுகமாக இருந்தது. இப்போது காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. படுக்கை விரிப்பெல்லாம் பிசுபிசுப்பு. மெஷினில் பழுதே இல்லை என்கிறார் கடைக்காரர். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடலாமா?

சண்டை போட்டால் தோற்பீர்கள். கடைக்காரர் சொல்வது அநேகமாக உண்மை. மாறியது மெஷின் இல்லை, காற்று.

கூலர் செய்வது ஒரே வேலை. ஈரமான பட்டை வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியாதலில் காற்றின் சூட்டைக் குறைப்பது. காற்று காய்ந்திருந்தால் தண்ணீர் விறுவிறுவென்று ஆவியாகும். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 27, 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். அதே கூலரை 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் ஓட்டினால் வருவது 31, 32 டிகிரி. அதுவும் நனைந்த காற்று, அதில் வியர்வை காயாது. 40-இல் சுகம், 35-இல் புழுக்கம். கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

ஜன்னலை மூடிவைத்துக் கூலர் ஓட்டுகிறீர்களா? பலரும் ஏசி பழக்கத்தில் அப்படிச் செய்கிறார்கள். நானும் ஒரு ராத்திரி அப்படி ஓட்டிப் பார்த்தேன். அலமாரி மேல் வைத்திருந்த ஈரப்பதமானி படுக்கும்போது 48 காட்டியது, விடியற்காலையில் 71. தலையணை உறை தோய்த்துப் பாதி பிழிந்த மாதிரி இருந்தது. கூலரை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை இழுக்க விடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்துவையுங்கள். அதற்கும் மசியாத புழுக்க நாட்களில் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுவதே மேல்.

கூலர் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு: முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மலிவானது ஐந்து சதவீதம் கூடக் குறையக் காட்டும், பரவாயில்லை. வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பகலெல்லாம் 60-க்கு மேலேயே நின்றால் கூலர் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: யூஎஸ்பியில் ஓடும் "மினி ஏசி" விளம்பரம் பார்த்தேன். 300 மில்லி தண்ணீர் ஊற்றினால் மூன்று மணி நேரம் அறை முழுக்கக் குளிருமாம். வாங்கலாமா?

வேண்டாம். ஏன் என்று சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 670 வாட்-மணி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 300 மில்லிக்கு 200. மூன்று மணி நேரத்துக்குப் பிரித்தால் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு வெளியே விடும் வெப்பமே கிட்டத்தட்ட 100 வாட். ஆக, அந்தப் பெட்டியால் உங்கள் ஒருவருடைய சூட்டையே ஈடுகட்ட முடியாது. ஒரு டன் ஏசி நீக்குவது சுமார் 3,500 வாட்.

ஏசி என்றால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வெளிப்பெட்டியும் இல்லை, சூடான காற்றை வெளியேற்றும் குழாயும் இல்லை என்றால் பெயர் எதுவாக இருந்தாலும் அது ஏசி கிடையாது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் அந்த விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். "அறை முழுக்கக் குளிரும்" என்ற வரிதான் உங்கள் புகாருக்கு ஆதாரம். அந்த வரி நாளைக்கு அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மேல்மாடியில் தனியாக இருக்கிறார். ஃபேன் போதும், ஏசி போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று பிடிவாதம். நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

வந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் இது. வயது, தனிமை, கூரைக்கு நேர் கீழே வீடு: இந்த மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். ஏசி இல்லாதவர்களும் மேல்தளத்தில் இருந்தவர்களும் அதிகம் அடிபட்டார்கள். கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அறைக்குள் கக்கும். உடம்பு ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் வெக்கை விடாது.

ஃபேன் கெட்டதல்ல. ஆனால் அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைக் காய வைக்கிறது. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அம்மாவின் வயதுக்கு நான் அதற்கு முன்பே சுதாரித்துக்கொள்வேன். அவர் ஃபேனை விடமாட்டார் என்றால் கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். வராத வியர்வைக்கு அந்த ஈரம் ஈடு.

வாங்கித் தருவது என்றால் ஏசிதான், அதுவும் படுக்கையறைக்கு மட்டும். பில் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது: 27 டிகிரியில் வைத்துக்கொண்டு கூடவே ஃபேனையும் ஓட விடுவது. அப்படிச் செய்தால் அறை 4 டிகிரி குறைவாக உணரப்படும், குளிர்விக்கும் மின்செலவில் 70 சதவீதம் வரை மிஞ்சும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை மட்டுமே. மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

கடையில் இதைக் கேளுங்கள்: "இந்த மெஷின் 46 டிகிரி வெளிவெப்பத்தில் எவ்வளவு குளிர்விக்கும்?" லேபிளில் போட்டிருக்கும் திறன் வழக்கமாக வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெயில் கூடக் கூட அது குறையும். 46-க்கும் ஒரு சோதனை முறை உண்டு. விற்பவர் முழித்தால் கையேட்டைப் புரட்டச் சொல்லுங்கள். கூரைச் சூடு நேரே இறங்கும் அறைக்குச் சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது. அப்புறம், ஒற்றைக் குழாய் வைத்த நகரும் ஏசியைத் தவிருங்கள். அது அறைக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

ஏசியோடு வேலை முடிந்துவிடாது. கரண்ட் போகலாம், அம்மா அதைப் போடாமலே விடலாம். தினமும் இரண்டு தடவை நேரில் எட்டிப் பார்க்க ஓர் அண்டைவீட்டுக்காரரை ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: கடையில் "எலக்ட்ரோலைட்" என்று போட்ட பானங்கள் அடுக்கியிருக்கின்றன. ஓஆர்எஸ்ஸும் அதுவும் ஒன்றுதானா?

பாட்டிலைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அதாவது 100 மில்லிக்குச் சர்க்கரை ஒன்றரை கிராமுக்கும் குறைவு. நீங்கள் எடுத்த பாட்டிலில் 100 மில்லிக்கு 8, 10 என்று இருந்தால் அது சர்பத். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றதற்குத் தண்ணீரே போதும். ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கினால் எத்தனை மில்லிக்கு என்று படித்து முழுப் பொட்டலத்தையும் அந்த அளவிலேயே கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் தொடர்பான தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினப்படி குடிக்க வேண்டாம்.

கேள்வி: பைக்கில் டெலிவரி வேலை. "கூலிங் வெஸ்ட்" பலன் தருமா?

நனைத்துப் போடும் வகை கூலரின் தம்பி. காய்ந்த காற்றில் உதவும், புழுக்கத்தில் ஈர பனியன். குளிர்க்கட்டி வைக்கும் வகை புழுக்கத்திலும் வேலை செய்யும். ஆனால் இரண்டு மணி நேரம் போல வந்தாலே பெரிது, பிறகு கட்டிகளை மறுபடி உறைய வைக்க ஓரிடம் வேண்டும். அந்த இடம் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் இது உங்கள் கைக்காசில் வாங்க வேண்டிய பொருளே இல்லை, வேலை கொடுப்பவர் தர வேண்டியது. வேலைக்குப் புதியவர் என்றால் முதல் ஒன்றிரண்டு வாரம் மிகவும் கவனம். உடம்பு வெயிலுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

கேள்வி: மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளை "கூல்" பெயின்ட், 20 டிகிரி குறைக்கும் என்கிறார்களே?

கூரையின் மேற்பரப்பு அந்த அளவுக்குக் குறையலாம். அறைக்குள் சில டிகிரிதான் குறையும். அதுவே நல்ல லாபம்தான், அடியுங்கள். ஆனால் புது பெயின்ட்டின் பிரதிபலிப்பு எண்ணைக் காட்டினால் மூன்று வருடம் கழித்து எவ்வளவு என்று கேளுங்கள். தூசி படிந்தால் குறையும்.

கேள்வி: வெப்பத் தாக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் போதுமா?

போதாது. வெப்பத் தாக்கில் உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். நெற்றி வியர்த்திருந்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், வெயிலில் நின்றிருந்தால் கூட்டிக் காட்டும். எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, மயங்குகிறார் என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. தெர்மாமீட்டர் காய்ச்சலுக்கு ஆகும், வீட்டில் இருக்கட்டும்.