வாசகர் கேள்வி – பதில்: கல்லின் அழகும் கணக்கும்

கேள்வி: பழைய கட்டடங்களின் அழகுக்கு 1.618 என்னும் பொன் விகிதமே காரணம் என்றும், கிரேக்கத்தின் பார்த்தினன் ஆலயமே அதற்குச் சான்று என்றும் மகனுடைய பாடக்குறிப்பில் வாசித்தேன். அழகை உண்மையிலேயே எண்ணால் அளக்க முடியுமா? நமது கொச்சிக்கடைக் கோவிலையும் அவ்வாறு அளந்து பார்க்கலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பார்த்தினனின் தூண்கள் நிற்கும் தளம் ஏறத்தாழ 30.9 மீற்றர் அகலமும் 69.5 மீற்றர் நீளமும் உடையது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.25, அதாவது 9:4 என்ற விகிதம் கிடைக்கிறது. முகப்பின் அகலத்துக்கும், மேலுள்ள முக்கோணத்தை நீக்கிய உயரத்துக்கும் இடையே இருப்பது அதே விகிதம்; அடுத்தடுத்த தூண்களின் மையங்களுக்கிடையிலான தூரத்தைத் தூணின் அடிவிட்டத்தோடு ஒப்பிட்டாலும் அதுவே வருகிறது. பொன் விகிதத்தைத் தேடுவோர் முகப்பின் படத்தில் செவ்வகம் வரையும்போது, கீழ்க்கோட்டை எந்தப் படியில் வைப்பது என்பதைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள். விடையை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு எடுக்கும் அளவை நான் அளவாக ஏற்கமாட்டேன். மேலும் அந்தத் தளம் தட்டையானதும் அன்று: நீண்ட பக்கத்தின் நடுப்பகுதி ஓரங்களைவிட ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் உயர்ந்து மெல்ல வளைந்திருக்கிறது. அந்த வளைவை எந்த ஒற்றை விகிதமும் சொல்லிவிடாது.

அழகுக்கே சூத்திரம் எழுதியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் பேர்க்கொஃப். ஒழுங்கைச் சிக்கலால் வகுத்தால் அழகின் அளவு கிடைக்கும் என்று 1933இல் வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். சமச்சீர், சமநிலை, சுழற்சி, கிடை நிலைக்குத்துத் திசைகளோடு பொருந்துதல் ஆகியவற்றுக்காகச் சதுரம் 6 புள்ளிகள் பெறுகிறது. அதை வரைய 4 கோடுகள் போதும்; சிக்கல் 4 என்பதால் மதிப்பு 1.5. நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவமும் அதே 6 புள்ளிகளையே பெறுகிறது, ஆனால் அதன் பக்கங்கள் 8 கோடுகளில் அமைவதால் மதிப்பு 0.75 ஆகிவிடுகிறது. ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த நம் கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தின் தரைவடிவமும் சிலுவையே. அதனுள்ளே ஒருமுறை நின்றவர், வெறும் சதுர மண்டபம் ஒன்று அதைவிட இருமடங்கு அழகானது என்று ஒருபோதும் ஒப்பமாட்டார். சிக்கலை எப்போதும் குறையாகவே எண்ணுவதுதான் இச்சூத்திரத்தின் பிழை என்று கருதுகிறேன். திராவிடக் கட்டடக்கலையில் அழகு பெருகும் இடமே அதுவல்லவா?

கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோவிலுக்கு வேறோர் அளவீடு பொருந்தும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லால் மீளக் கட்டுவித்த அக்கோவிலை நேரெதிரே நின்று படமெடுத்து, விளிம்புக் கோடுகளை மாத்திரம் வரைந்து, அதன்மேல் கட்டத்தாளை வைத்துக் கோடு படும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பின்னர் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மீண்டும் எண்ணட்டும். எண்ணிக்கை இருமடங்கானால் பரிமாணம் 1, வெறும் கோடு போல; நான்கு மடங்கானால் 2, நிரம்பிய பரப்பு போல. செறிந்த வேலைப்பாடுடைய முகப்புகளுக்கு விடை இவ்விரண்டுக்கும் இடையில் வரும். நாம் நெருங்க நெருங்கப் புதிய நுணுக்கம் எவ்வளவு தோன்றிக்கொண்டே இருக்கிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. இது அழகின் மதிப்பெண் அன்று. ஆயினும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே தெளிவில் எடுத்த படங்களைக் கொண்டு இரு கோவில்களை ஒப்பிட்டால், கண் உணர்ந்த ஒரு வேறுபாட்டுக்குப் பெயர் கிடைக்கும். மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்.

கேள்வி: கோவில் கட்டும் நமது ஸ்தபதிகள் அளவுகளைச் சரிபார்க்கும் ஆயாதிக் கணக்கும் அழகை அளப்பதற்குத்தானா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. ஆயாதியின் ஒரு பகுதியான யோனியைக் காணச் சுற்றளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து, மீதியைப் பார்ப்பார்கள்; மீதி ஒற்றை எண்ணானால் நன்று. சுற்றளவு 43 முழமானால் மீதி 1, ஏற்கத்தக்கது. 44 முழமானால் மீதி 4, விலக்கத்தக்கது. ஒரு முழ வேறுபாட்டைக் கண் கவனிப்பதே அரிது. ஆகவே இக்கணக்கு அளவின் மங்கலத்தைப் பற்றியது. கண்ணுக்கான விதி, தூணின் உயரத்தை இத்தனை பங்காக்கி அதில் ஒரு பங்கைப் பருமனாகக் கொள் என்பது போன்ற மான விதிகளில், அதாவது அளவு விகித விதிகளில், இருக்கிறது.